மலாயா அக்காவின் அரண்மனை நடனம்

அவரை நாங்கள் எல்லோரும் மலாயா அக்கா என்றுதான் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, அழகான பெயர். அதை இங்கே எழுதினால் அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் மறுநாளே போன் போட்டு, அம்மாவைப் பற்றி இப்படியா எழுதுவது என்று என்னிடம் ஆங்கிலத்தில் சண்டைக்கு வருவார்கள். அதனால் வேண்டாம்.

மலாயா அக்கா மலாயாவில் இருந்தது ஒன்பது வயது வரைக்கும்தான். தைப்பிங்கில் பிறந்தார். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. யுத்தம் அந்தப் பக்கம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அம்மாவோடும் தம்பியோடும் கப்பலேறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கினார். பிறகு திருச்சியில் வளர்ந்து, திருச்சியிலேயே படித்து, திருச்சியிலேயே ஓர் எக்ஸ்ரே டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு, மாண்ட்ரியாலில் உலகக் கண்காட்சி நடந்த வருஷம் கணவரோடு இங்கே வந்து சேர்ந்தார். கணக்குப் பார்த்தால் திருச்சியில் இருந்ததுதான் அதிகம். ஆனால் திருச்சி என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது மிகக் குறைவு. எதற்கும் "எங்க மலாயாவுல"தான். பனி கொட்டினால், எங்க மலாயாவுல மழை இதைவிட மோசம். பால் திரிந்துபோனால், எங்க மலாயாவுல பால் திரியாது. ஒன்பது வயதுக்குள் இவ்வளவையும் பார்த்து வைத்திருந்தாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு விஷயம் தனக்குத் தெரியாது என்று அவரால் சொல்ல முடியாது. பொய் சொல்ல வேண்டும் என்ற கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. சிலருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது, அதுபோல இவருக்குத் தெரியாது என்பது ஒத்துக்கொள்ளாது.

நான் மதுரையிலிருந்து வந்த முதல் குளிர்காலம். என் கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கிரேக்கக்காரரின் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்தோம். மலாயா அக்கா லொங்குய்யிலிருந்து ஆற்றைத் தாண்டி எங்களைப் பார்க்க வந்திருந்தார். புதிதாக வருகிற குடும்பங்களைப் போய்ப் பார்த்து விஷயங்களைச் சொல்லிக்கொடுப்பது தன் கடமை என்று நினைத்தவர். தெருமுனைக் கடைக்கு என்னை அழைத்துப் போனார். கடைப் பலகையில் இருந்த சொல் என்னவென்று கேட்டேன்.

"டெப்பனூர்," என்றார். "பேரே சொல்லுதே, நம்ம பக்கத்து ஊருன்னு. தஞ்சாவூர் ஜில்லாவுலேர்ந்து ஒருத்தர் அந்தக் காலத்துல கப்பல்ல வந்து முதல் கடை போட்டிருக்காரு. அவரு ஊர்ப் பேரே எல்லாக் கடைக்கும் நிலைச்சுப்போச்சு."

எட்டு மாதம் நம்பினேன். அம்மாவுக்குக் கடிதத்தில் எழுதினேன். அந்த மனிதர் எந்த வகையறா என்று விசாரித்து எழுதச் சொல்லி அம்மா பதில் போட்டிருந்தாள். பிறகு என் கணவரோடு வேலை செய்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், அது அவசரத்துக்கு உதவுகிற கடை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் என்று விளக்கினார். நான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் சற்றும் அசரவில்லை.

"அதுவும் ஒரு அர்த்தம்," என்றார்.

மலாய் நடனம் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு டெலிபோன் வழியாக. லொங்குய்யில் அக்கா வீட்டுச் சமையலறையில் நான் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஊர் மாதா கோயில் பெண்கள் சங்கத்துக்குத் தலைவியாக ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி இருந்தார். நாங்கள் அவரை மதாம் என்போம். வெளிநாட்டுக்காரர்கள் அவரவர் நாட்டு ஆட்டம்பாட்டுகளைக் காட்டுகிற விழா ஒன்றை மதாம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அக்காவுக்கு அதில் எப்படியாவது இடம் வேண்டும். ஆனால் புவாண்ட்-கிளேரில் இருந்த ஒரு லேடி டாக்டர் முந்திக்கொண்டு, தன் இரண்டு பெண்களின் பரதநாட்டியத்தைக் கொடுத்து இந்தியாவை எடுத்துக்கொண்டுவிட்டார். அந்த லேடி டாக்டருக்கும் மலாயா அக்காவுக்கும் ஏற்கெனவே ஆகாது. யார் வீட்டுப் பொங்கலுக்கு அதிகம் பேர் வந்தார்கள் என்பதில் தொடங்கிய தகராறு.

அக்கா டெலிபோனில் ஆங்கிலத்தில் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"இந்தியா முடிஞ்சுபோச்சா? சரி. மலேசியா காலியா இருக்கா?"

பஸ்ஸில் சீட் கேட்கிற மாதிரி கேட்டார். காலியாகத்தான் இருந்தது. போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு வாரம் இருக்கு. மலாய் அரண்மனை நடனம் ஆடறோம். நீயும்தான்."

"எனக்கு டான்ஸே வராதே அக்கா."

"உனக்கு வராதுங்கறது அங்க யாருக்குத் தெரியும்?"

இப்படித்தான் குழு சேர்ந்தது. அக்கா, நான், எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் இருந்த யாழ்ப்பாணத்துப் பரமேஸ், பிறகு அக்காவின் கணவர் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து இரண்டு டாக்டர்களின் மனைவிகள். மூத்தவரைப் பெரிய டாக்டரம்மா என்றும் இளையவரைச் சின்ன டாக்டரம்மா என்றும் சொல்வோம். அக்காவின் கணவர் எல்லோருக்கும் போல அக்காவுக்கும் டாக்டர்தான். "டாக்டர், சாப்பிட வாங்க" என்பார். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. மனிதர்களின் எலும்புகளைப் பார்த்துப் பார்த்து மேலே இருக்கிற விஷயங்களில் அக்கறை போய்விட்டது என்று பரமேஸ் சொல்வாள். அவருக்குத் தாள வேலை. ஒரு கிரேக்கக்காரர் கடையில் தம்பூரின் என்ற தோல் கைக்கொட்டு ஒன்றை வாங்கிவந்து, அதன் ஓரத்துச் சலங்கைத் தகடுகளைக் குறடால் பிடுங்கி எறிந்துவிட்டு, அதுதான் மலாய்ப் பறை என்று அக்கா அவர் கையில் கொடுத்தார்.

பயிற்சி அவர்கள் வீட்டு நிலவறையில். மரப்பலகை அடித்த சுவர், ஒரு பக்கம் துணி துவைக்கிற இயந்திரம், ஒரு பக்கம் சூடேற்றும் உலை. உலை உறுமினால் டாக்டரின் கொட்டு கேட்காது. நிறுத்திவிட்டு நிற்போம்.

உடை விஷயம் முதலில் வந்தது. பழைய பட்டுப்புடவைகளை இரண்டாக வெட்டிக் கைலி மாதிரிச் சாரம் கட்டினோம். மேலே நீளமான பருத்தி இரவு அங்கி. விழா பிப்ரவரி மாதம். உள்ளே கம்பளிக் கால்சட்டை போடாமல் யாரும் வெளியே கிளம்ப முடியாது. சாரத்துக்குக் கீழே எல்லோருக்கும் நான்கு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறக் கம்பளி தெரிந்தது. ஒத்திகை பார்க்க வந்த மதாம் அதென்ன என்று கேட்டார்.

"அரண்மனைப் பெண்கள் கணுக்காலைக் காட்டக்கூடாது," என்றார் அக்கா. மதாம் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அடுத்து விளக்கு. உள்ளங்கையில் தட்டு, தட்டில் எரியும் மெழுகுவத்தி, அது அணையாமல் கையைச் சுழற்றி ஆடுவது. அப்படி ஒரு நடனம் அங்கே உண்மையாகவே உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் மண்டபத்தில் நெருப்புப் பற்றவைக்கக்கூடாது என்று விதி. மதாம் மிகவும் வருத்தப்பட்டுச் சொன்னார். அக்கா அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"நாங்களே கேட்கணும்னு இருந்தோம். அரண்மனையில இப்பல்லாம் டார்ச் லைட்தான்."

ஐந்து பேரும் இரண்டு கையிலும் டார்ச் பிடித்துக்கொண்டு ஆடினோம். சின்ன டாக்டரம்மாவின் டார்ச் முன்வரிசையில் இருந்த பாதிரியாரின் கண்ணில் மூன்று தடவை அடித்தது.

இத்தனை கூத்துக்கும் நடுவில் ஒன்றை நான் கவனித்திருந்தேன். கையசைவும் கதையும் வாரத்துக்கு வாரம் மாறும். போன வாரம் ரப்பர் பால் வெட்டுவதாக இருந்த முத்திரை இந்த வாரம் நிலாவைக் கூப்பிடுவதாக ஆகிவிடும். கால் மட்டும் மாறவே மாறாது. இரண்டு எட்டு முன்னே, ஒரு குட்டித் தயக்கம், குதிகால் தூக்கி ஒரு திருப்பம், இரண்டு எட்டுப் பின்னே. அதில் ஒரு இம்மி பிசகினாலும் அக்கா நிறுத்திவிடுவார். இன்னொன்று, எதிரே யாரோ ஒரு முழம் தள்ளி நிற்பதுபோலவே ஆட வேண்டும்.

"எதிர்ல யாரு அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ராஜா."

"ராஜா எங்க?"

"இருக்கறதா நெனச்சுக்கணும். கிட்டப் போகக்கூடாது. தொடவும் கூடாது. தலையைக் குனி."

பாட்டை அக்காவே பாடினார். மலாய் மொழியில் நான்கு வரி. திரும்பத் திரும்ப அதையேதான். குரல் நன்றாக இருக்கும். அர்த்தம், நெல் விளைய வேண்டும் என்று மழைத் தேவதையிடம் அரசகுமாரிகள் வேண்டிக்கொள்வது. விழா அன்று மேடையில் மதாம் அதைப் பிரெஞ்சில் வாசித்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

கைத்தட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. புவாண்ட்-கிளேர் பெண்கள் அத்தனை கஷ்டப்பட்டு ஆடிய பரதத்துக்கு அதில் பாதிதான். மேடைக்குப் பின்னால் அந்த லேடி டாக்டர் அக்காவைப் பார்த்து, "நல்லா நடந்தீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் நாலு வருஷம் எங்களுக்கு ஓய்வே இல்லை. பள்ளிக்கூடங்கள், நூலகங்கள், மருத்துவமனைக் கிறிஸ்துமஸ் விருந்து. லொங்குய் வாரப் பத்திரிகையில் டார்ச்சோடு எங்கள் படம் வந்தது. படத்துக்குக் கீழே அக்காவை மலாய் அரசவைக் கலைகளின் நிபுணர் என்று போட்டிருந்தார்கள். அக்கா அதைச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டினார். பூட்ஸைக் கழற்றக் குனிந்து நிமிர்ந்தால் அந்தப் படம்தான்.

எங்களில் ஒருவர்கூட நம்பியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருநாள் காரில் திரும்பும்போது பெரிய டாக்டரம்மா சொன்னார்: "அரண்மனையாவது ஒண்ணாவது, எல்லாம் இவங்க விடறது. எனக்கு முதல் நாளே தெரியும். அதனால என்ன? நம்ம படம் பேப்பர்ல வருதில்ல?"

பரமேஸ் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அக்கா, உண்மையா அரண்மனையிலை இப்பிடித்தானோ ஆடுறவை?"

"பின்ன?"

"சரி, நான் சும்மாதான் கேட்டனான். இல்லையெண்டாலும் நான் ஆடுவன். வீட்டுக்குள்ளை இருந்து பனியைப் பாக்கிறதை விட இது எவ்வளவோ நல்லது."

ஐந்தாவது வருஷம் இலையுதிர்காலத்தில் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் ஆடினோம். முடிந்து சாரங்களை மடித்துக்கொண்டிருந்தபோது, தனக்கு இரண்டு அளவு பெரிய கோட் போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி கிட்டே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"நான் மலேசியாவிலிருந்து வருகிறேன்," என்றாள் ஆங்கிலத்தில். "என் பெயர் ஜைனாப். நான் மலாய்க்காரி."

மடித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. சின்ன டாக்டரம்மா கழிப்பறையைத் தேடிப் போய்விட்டார். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

"வாம்மா, வா. எந்த ஊரு நீ? உங்க பக்கத்துல அரண்மனை இருக்காது, அதான் இந்த நடனத்தை நீ பாத்திருக்க மாட்டே."

"குவாலா கங்சார்," என்றாள் அவள். "அரண்மனை எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்."

"அது புது அரண்மனை," என்றார் அக்கா. "நான் சொல்றது பழைய அரண்மனை."

பரமேஸ் இருமுவதுபோல முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜைனாப் சண்டை போடவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னதும் உடனே சரி என்றாள்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் மஞ்சள் வழித்தட மெட்ரோ ரயிலில் ஏறி லொங்குய்க்கு வந்தாள். சத்துணவுப் படிப்பு படிக்கிறவள். விடுதியில் என்ன கொடுத்தார்களோ, புளி விட்ட மீன்குழம்பைக் கண்டால் பேச்சே வராது அவளுக்கு. சாப்பிட்டு முடித்துவிட்டு நிலவறைக்கு எங்களோடு இறங்குவாள். ஒருநாள் தன் அம்மா கல்யாண வீடுகளில் ஆடுவது என்று சொல்லி ஒரு நடனம் ஆடிக் காட்டினாள். ஒரு சத்தமும் இல்லாத, தண்ணீரில் நடக்கிற மாதிரியான ஆட்டம். கையைத் தோளளவு தூக்கி மெல்ல இறக்கினாள்.

"கையை அவ்வளவு தூக்கக்கூடாது," என்றார் அக்கா. "மலாய்க்காரங்க அப்படித் தூக்க மாட்டாங்க."

ஜைனாப் தன் கையைப் பார்த்தாள். ஒரு நொடி தயங்கினாள். பிறகு கையை இறக்கிக்கொண்டாள். அவள் ஆடுவதுதான் சரி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நானும்தான் பத்திரிகைப் படத்தில் இரண்டாவதாக நிற்கிறேன்.

வசந்த காலத்து நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் இருந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா பாடி முடித்திருந்தார். டாக்டர் தம்பூரினை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜைனாப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்ட்டி, இந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று ஜனங்களிடம் சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

சின்ன டாக்டரம்மா முந்திக்கொண்டு மழைத் தேவதை, நெல், அரசகுமாரிகள் எல்லாவற்றையும் ஒப்பித்தார். ஜைனாப் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு? நீயே சொல்லேன்," என்றார் பெரிய டாக்டரம்மா.

"வேண்டாம் ஆன்ட்டி."

"பரவாயில்ல, சொல்லு."

ஜைனாப் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். ஆற்றுமீன் வெயிலில் மின்னுகிறது. கூடையில் போட்டால் துள்ளுகிறது. வெள்ளைக் கால்சட்டை போட்ட ஐயாவே, நீங்கள் இங்கே வந்து ஆடுவது உங்கள் வீட்டம்மாவுக்குத் தெரியுமா?

உலை மட்டும் உறுமிற்று.

தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து அவள் அவசரமாக விளக்க ஆரம்பித்தாள். இதற்கு ரோங்கெங் என்று பேர். அந்தக் காலத்தில் கேளிக்கைப் பூங்காக்களில் மேடை போட்டிருப்பார்கள். பெண்கள் மேடையில் நிற்பார்கள். ஆண்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறி எதிரே நின்று ஆடலாம். தொடக்கூடாது. அந்தப் பெண்கள் இப்படிக் கேலியாகப் பாடுவார்கள், ஆண்கள் பதில் பாட வேண்டும்.

"உங்கள் கால்கள் அப்படியே அந்தக் கால்கள்தான் ஆன்ட்டி. ரொம்பச் சரியாக இருக்கின்றன. என் அப்பாவுக்கு ஒரு அத்தை இருந்தாள். அவள் அந்த மேடையில் ஆடினவள். எங்கள் வீட்டில் அவளைப் பற்றிப் பேச மாட்டார்கள். கல்யாணத்தில் விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு சமையலறையில் எங்களுக்கு மட்டும் ஆடிக் காட்டுவாள். நூலகத்தில் உங்களைப் பார்த்ததும் அவள் ஞாபகம் வந்துதான் அழுதேன்."

பெரிய டாக்டரம்மா டார்ச் இரண்டையும் மேசைமேல் வைத்தார்.

"டிக்கெட்டா?" என்றார். "ஆம்பளைங்க டிக்கெட் வாங்கிட்டு வந்தா ஆடறதா? அதையா நாம மாதா கோயில்ல ஆடிட்டு வந்திருக்கோம்?"

கோட்டை எடுத்துக்கொண்டார். சின்ன டாக்டரம்மாவும் கிளம்பினார். மறுநாள் காலையில் இருவருமே போன் செய்து, வீட்டில் வேலை அதிகம், இனி வருவதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் இது பொய் என்று தெரிந்தே ஐந்து வருஷம் ஆடியவர்கள். அதில் ஒரு பகுதி உண்மை என்று தெரிந்த அன்றைக்கு விலகிக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜைனாபைப் பரமேஸ் மெட்ரோவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் மேலே போய்விட்டார். அக்கா துணி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று சாரங்களுக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார். நான் போகாமல் நின்றேன். அவராகப் பேசுவார் என்று தோன்றியது.

"எங்கப்பா வெள்ளைக் கால்சட்டைதான் போடுவாரு," என்றார். "கிராணிங்க எல்லாருமே வெள்ளைதான். சனிக்கிழமை சாயங்காலம் என்னை ரயில் எஞ்சின் காட்டறேன்னு கூட்டிட்டுப் போவாரு. எஞ்சின் இல்ல, பூங்காவுக்கு. கடலை வாங்கிக் கையில குடுத்து மேடைக்குப் பக்கத்துல உக்கார வெச்சுட்டு மேல ஏறிடுவாரு. ஒரே பொம்பளையோடதான் ஆடுவாரு. வேற யாரோடயும் ஆட மாட்டாரு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"எஞ்சின் பாத்தேன்னு சொல்லணும்னு எனக்குச் சொல்லியிருந்தாரு. எஞ்சின் எப்படி இருந்துச்சுன்னு அம்மா கேப்பாங்க. நான் கதை கதையா சொல்லுவேன். புகை எவ்வளவு வந்துச்சு, டிரைவர் என்ன சொன்னாரு, எல்லாம். நான் எஞ்சினைப் பாத்ததே கிடையாது."

இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தார்.

"மேடை என் கண் உயரம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கால்தான். அப்பாவோட கால், அவளோட கால். இடுப்புக்கு மேல என்ன பண்ணினாங்கன்னு நான் எங்க பாத்தேன்? அதெல்லாம் நானா வெச்சுக்கிட்டது."

கப்பலில் அப்பா ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"வேலை இருக்கு, பின்னால வர்றேன்னு சொன்னாரு. சண்டை முடிஞ்சு ரெண்டு கடுதாசி வந்துச்சு. அப்புறம் வரல."

"அந்த ஆடற அம்மாவோடயே இருந்துட்டாரா?"

"ஆமா," என்றார் அக்கா உடனே. "பினாங்குல ஒரு வீடு எடுத்துக்கிட்டாங்க. பலகை வீடுதான், ஆனா பெரிசு. வாசல்ல ரம்புத்தான் மரம். அவ அவரை நல்லா வெச்சுக்கிட்டா. கடைசி வரைக்கும் வெள்ளைக் கால்சட்டைதான், அவளே கஞ்சி போட்டுக் குடுப்பா."

எந்தக் கடிதத்தில் இது வந்தது என்று நான் கேட்கவில்லை. சாரத்தை வாங்கி மடித்து வைத்தேன்.

நிகழ்ச்சி நிற்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். பரமேஸ் விடவில்லை. "எனக்கு டிக்கெட் வித்தாலும் பரவாயில்லை, நான் வாறன்," என்றாள். ஜைனாபும் ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அக்கா அவளிடம் ஒன்றுதான் சொன்னார்: "கையை உங்கம்மா மாதிரியே தூக்கு."

இந்த முறை ஆட வேண்டியிருந்தது லொங்குய்யில் ஒரு முதியோர் இல்லத்தில். பிற்பகல் மூன்று மணிக்கு. சாப்பாட்டுக் கூடத்து மேசைகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். அதற்கு முன்பு அங்கே நம் ஊர்த் தம்போலா மாதிரி பிங்கோ விளையாடியிருக்கிறார்கள். பலர் கையில் அந்த அட்டை இன்னும் இருந்தது. முன்வரிசையில் மூன்று கன்னிகாஸ்திரிகள். மைக்கைப் பிடித்துக்கொண்டு மதாம். டாக்டர் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தம்பூரினோடு உட்கார்ந்தார். டார்ச் கொண்டுவர வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்தார்.

அக்கா ஆங்கிலத்தில் பேசினார். சிறு சிறு வாக்கியங்கள். "இது அரண்மனை நடனம் இல்லை. பூங்காவில் ஆடுவது. டிக்கெட் வாங்கின ஆண்கள் மேடை ஏறி எங்களோடு ஆடலாம். என் அப்பா டிக்கெட் வாங்கி ஆடுவார். நான் பார்த்திருக்கிறேன்."

மதாம் அக்காவைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த மூன்று கன்னிகாஸ்திரிகளையும் பார்த்தார். அதற்குள் எனக்கு ஓரளவு பிரெஞ்சு வந்திருந்தது. மதாம் மொழிபெயர்த்தது இது: "இந்தப் புராதன நடனத்தை அரசவையில் ஆடுவார்கள். அரசரே சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து இளவரசிகளோடு ஆடுவது வழக்கம். இவருடைய தகப்பனாருக்கு அதைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது."

கன்னிகாஸ்திரிகள் மலர்ந்து தலையாட்டினார்கள். அக்காவுக்குப் பிரெஞ்சு புரிந்ததா என்று தெரியவில்லை. டாக்டரைப் பார்த்து ஆரம்பிக்கச் சொன்னார்.

பாதி ஆட்டத்தில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். வீட்டுச் செருப்பு, கம்பளிச் சட்டை, கையில் தடி. மதாம் பதறிப்போய் உட்காருங்கள் ஐயா என்று பிரெஞ்சில் சொன்னார். கிழவர் வாழ்நாள் முழுக்க ஆங்கிலேய முதலாளியின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். அக்கா ஆங்கிலத்தில் சொன்னது நேராகவே அவர் காதில் விழுந்திருந்தது.

"டிக்கெட் எங்கே கொடுக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மண்டபம் சிரித்தது. கிழவர் சிரிக்கவில்லை. தன் பிங்கோ அட்டையை அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு முழம் தள்ளி நிற்கும்படி கையைக் காட்டினார். அவர் தடியை மதாமிடம் கொடுத்துவிட்டு நின்றார். இரண்டு எட்டு முன்னே, இரண்டு எட்டுப் பின்னே. அக்கா பாடினார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எதிரே நிஜமாக ஓர் ஆள்.

அப்புறம் பார்த்தால் வரிசை நிற்கிறது. நாலு பேர், ஐந்து பேர், எல்லோர் கையிலும் பிங்கோ அட்டை. ஒருவர் சக்கர நாற்காலியிலேயே வந்தார். பரமேஸுக்கு எதிரே ஒருவர், ஜைனாபுக்கு எதிரே ஒருவர். எனக்கு எதிரே நின்றவர் மூன்றாவது எட்டில் மூச்சு வாங்கி, "மெர்ஸி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். சூப் ஆறுகிறது என்று ஒரு தாதி வந்து இரண்டு தடவை சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

திடீரென்று கொட்டு நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். டாக்டர் நாற்காலியில் இல்லை. வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார்.

"டாக்டர், தாளம் யாரு போடுவா?" என்றார் அக்கா நின்ற இடத்திலிருந்தே.

அவர் வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தார். ஜைனாப் போய்த் தம்பூரினை எடுத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். அவள் தட்டத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பாட்டின் தாளம் எது என்று எனக்குப் புரிந்தது.

டாக்டரின் முறை வந்தது. அக்கா கையை நீட்டினார்.

"டிக்கெட்?"

டாக்டர் கோட்டுப் பையைத் துழாவினார். சட்டைப் பையைத் துழாவினார். மருத்துவமனையின் எக்ஸ்ரே சீட்டு ஒன்றை எடுத்து, அதிலிருந்த நோயாளியின் பெயரைக் கிழித்துவிட்டு மீதியைக் கொடுத்தார். அக்கா அதையும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

டாக்டருக்கு ஒரு எட்டும் சரியாக வரவில்லை. முன்னே போக வேண்டிய இடத்தில் பின்னே போனார், திரும்ப வேண்டிய இடத்தில் நின்றார். அக்கா எதையும் திருத்தவில்லை. தலை குனிந்து, ஒரு முழம் தள்ளி, அவர் கால் எங்கே போகிறதோ அங்கே தன் காலைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார்.